எண்ணைப் பார்த்து நம்பலாமா? இந்தியாவின் 140, 1600 தொடர்கள்: நிகழ்வு ஆய்வு

வங்கி அனுப்பும் எஸ்எம்எஸ்ஸை நம் கைபேசிக்கு வந்து சேரும் முன்பே சோதித்துவிடலாம். அனுப்புநர் பெயர் பதிவானதா, வாசகம் ஒப்புதல் பெற்ற டெம்ப்ளேட்டோடு பொருந்துகிறதா, உள்ளே இருக்கும் லிங்க் அனுமதிப் பட்டியலில் உண்டா என்று கணினியே ஒப்பிட்டு, பொருந்தாததை வழியிலேயே நிறுத்திவிடும். குரல் அழைப்பில் இதற்கு வழியில்லை. எதிர்முனையில் இருப்பவர் வாய் திறக்கும்வரை என்ன பேசப்போகிறார் என்பது எந்தக் கணினிக்கும் தெரியாது. எடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அந்தச் சில நொடிகளில் நம்மிடம் இருப்பது திரையில் தெரியும் எண் ஒன்றுதான்.

அந்த எண்ணையே அடையாளமாக்கிவிடலாம் என்ற முயற்சியை இந்தியா இரண்டு முறை செய்திருக்கிறது. முதலில் 140 வந்தது: இதில் தொடங்கினால் விளம்பர அழைப்பு. பிறகு 1600: இதில் தொடங்கினால் அரசோ, வங்கி போன்ற நிதி நிறுவனமோ சேவை தொடர்பாக அழைக்கிறது. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் எதிரெதிர் திசையில் வேலை செய்பவை. முதலாவது ஏன் பலிக்கவில்லை என்பது புரிந்தால்தான் இரண்டாவதன் பலமும் ஓட்டையும் பிடிபடும்.

ஒன்றில் தொடங்கும் எண்ணின் விலை

2003-ஆம் ஆண்டின் தேசிய எண் திட்டப்படி இந்தியாவில் சந்தாதாரர் எண் பத்து இலக்கம். தரைவழி இணைப்பில் எஸ்டிடி குறியீடும் உள்ளூர் எண்ணும் சேர்ந்து பத்து. தொலைபேசி எக்ஸ்சேஞ்ச், நாம் அழுத்தும் இலக்கங்களை வரிசையாகப் படிக்கிறது. முதல் இலக்கம் 0 என்றால் வெளியூர்ப் பாதை. 9, 8, 7, 6 என்று தொடங்குபவை கைபேசிகள். 1 என்றால் அது சந்தாதாரரே அல்ல, சிறப்புச் சேவை. காவல் 100, தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108, எல்லா அவசரத்துக்கும் சேர்த்து 112, ரயில்வே 139, கைபேசிச் சேவைப் புகாருக்கு 198, கட்டணமில்லா 1800, அழைப்பவர் உள்ளூர்க் கட்டணம் கொடுக்கும் 1860 எல்லாம் இந்த ஒரே வாசல் வழியாக நுழைகின்றன.

வாசல் ஒன்றுதான் என்பதால் இடமும் அளவானது. 112 என்ற மூன்று இலக்கத்தை முழு எண்ணாக ஒதுக்கினால், 112-இல் தொடங்கும் பத்து இலக்க எண் எதையும் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. கணக்குப் போட்டால் ஒரு கோடி எண்கள். 1930 போன்ற நான்கு இலக்க எண் பத்து லட்சத்தை அடைக்கிறது; மனநல ஆலோசனைக்கான 14416 போன்ற ஐந்து இலக்க எண் ஒரு லட்சத்தை. ஒவ்வொரு துறையும் தனக்கு மூன்று இலக்கம் வேண்டும் என்று கேட்கும்போது எல்லோருக்கும் கொடுக்க முடியாததற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். அதே சமயம் நீளமான எண் ஆபத்து நேரத்தில் நினைவுக்கு வராது. இணையப் பண மோசடிக்கான உதவி எண் 2021-இல் 155260 என்று ஆறு இலக்கமாகத்தான் தொடங்கியது. பணம் கைமாறிக்கொண்டிருக்கும்போது ஆறு இலக்கத்தை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? அது 1930 ஆனது மிகச் சரியான திருத்தம்.

பேசாத இயந்திரங்களுக்கும் எண் வேண்டும். வாகனக் கண்காணிப்புக் கருவி, அட்டை தேய்க்கும் இயந்திரம், மின் மீட்டர் ஆகியவற்றில் இருக்கும் சிம்களுக்கு 2018 ஜூலை முதல் 13 இலக்க எண் வந்தது. நம் எல்லோருடைய எண்ணும் 13 இலக்கமாகப் போகிறது என்று அப்போது பரவிய பீதிக்கு அடிப்படையே இல்லை. நாட்டுக் குறியீடு 91-ஐயும் சேர்த்தால் 15 இலக்கம்; உலகத் தரம் அனுமதிக்கும் உச்ச வரம்பும் அதுவே. மனிதர்களின் பத்து இலக்க இடத்தை இயந்திரங்கள் தின்றுவிடாமல் காப்பதற்கான ஏற்பாடு அது.

இதுவரை சொன்ன அவசர, உதவி எண்கள் எல்லாம் நாம் தேடிப்போய் அழுத்துபவை. 112-ஐ அழுத்தினால் அழைப்பு எங்கே போக வேண்டும் என்பதைத் தொலைபேசி நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் தீர்மானிக்கிறது. நடுவில் மோசடிக்காரர் நுழைய இடம் குறைவு. நம்மைத் தேடி வரும் எண்ணின் கதை வேறு. அங்கே எண் என்பது அழைப்பவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் ஒரு கூற்று. அதை யாராவது சரிபார்த்து உத்தரவாதம் கொடுத்தால் தவிர அதற்கு மதிப்பில்லை.

140: அடையாளம் போட்டதும் நடந்தது

தொல்லை அழைப்புக்கு எதிரான முதல் ஒழுங்குமுறையை இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2007-இல் கொண்டுவந்தது. ‘அழைக்காதீர்’ பதிவேடு பிறந்தது அப்போதுதான். அது போதாமல் 2010 டிசம்பர் 1-இல் புதிய ஒழுங்குமுறை வெளியானது. முழுமையாக நடைமுறைக்கு வர 2011 செப்டம்பர் 27 ஆகிவிட்டது. பதிவு செய்துகொண்ட டெலிமார்க்கெட்டர்கள் தனி எண் தொடரிலிருந்துதான் அழைக்க வேண்டும் என்ற விதியால் 140 வந்தது. 140-ஐப் பார்த்தால் விளம்பரம் என்று தெரிந்துகொள்ளலாம். விருப்பம் இருந்தால் எடுக்கலாம், இல்லையேல் விட்டுவிடலாம்.

நோக்கம் நல்லது, நடந்ததோ தலைகீழ். 140 என்று பார்த்ததும் பெரும்பாலானோர் எடுக்கவில்லை. ஒழுங்காகப் பதிவு செய்து, கட்டணம் கட்டி, விதிப்படி அழைத்தவரின் அழைப்பு எடுக்கப்படாமல் போனது. பக்கத்துக் கடையில் சிம் வாங்கிப் பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து அழைத்தவருக்கோ பதில் கிடைத்தது. விதியை மதித்தவருக்கு நஷ்டம், மீறியவருக்கு லாபம். அப்படி ஒரு ஏற்பாட்டில் மீறுபவர்கள் பெருகத்தான் செய்வார்கள். கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று கேட்கும் அழைப்புகள் சாதாரணக் கைபேசி எண்களுக்கும் தரைவழி எண்களுக்கும் இடம்பெயர்ந்ததற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

புகார் முறையின் அமைப்பும் இதற்குத் துணை போனது. 2018 ஜூலை 19-இல் வந்த ஒழுங்குமுறை எஸ்எம்எஸ்ஸுக்குப் பெரிய மாற்றம் கொண்டுவந்தது. டிஎல்டி எனப்படும் பகிர்வுப் பேரேட்டில் நிறுவனம், ஹெடர் எனப்படும் அனுப்புநர் பெயர், டெம்ப்ளேட், வாடிக்கையாளர் சம்மதம் எல்லாம் பதிவாக வேண்டும் என்றானது. குரல் அழைப்புக்கு அந்த இறுக்கம் வரவில்லை. 140 தொடரே முழுமையாக டிஎல்டிக்குள் கொண்டுவரப்பட்டது 2024 செப்டம்பர் இறுதியில்தான். இடைப்பட்ட காலத்தில், பதிவு செய்யாமல் அழைப்பவர்மீது புகார் செய்ய மூன்று நாள்தான் அவகாசம். ஏழு நாளில் பத்துப் புகார் சேர்ந்தால்தான் நடவடிக்கை.

ஏழு நாளில் பத்து என்பது கண்டிப்பான வரம்புபோலத் தோன்றும். கால் சென்டர் எப்படி இயங்குகிறது என்று பார்த்தால் அதன் ஓட்டை தெரியும். பிஆர்ஐ எனப்படும் அலுவலகத் தொலைபேசி இணைப்பு ஒன்றில் ஒரே நேரத்தில் 30 பேர் பேசலாம். அதோடு நூறு நூறாக எண்களையும் வாங்கிக்கொள்ளலாம். இணையத் தொழில்நுட்பத்தில் இயங்கும் எஸ்ஐபி இணைப்பில் லைன்களைக் கூட்டிக்கொள்வது இன்னும் சுலபம். தானாகவே எண்களை அழைக்கும் ஆட்டோ டயலர் ஒவ்வொரு அழைப்புக்கும் வேறு எண்ணைக் காட்டுமாறு அமைத்துவிட்டால், ஆயிரம் பேருக்கு எரிச்சல் வந்தாலும் எந்தத் தனி எண்ணின்மீதும் பத்துப் புகார் சேராது. நாம் ஒரு எண்ணைத் தடைசெய்ததும் அடுத்த எண்ணிலிருந்து அதே குரல் வருவதும் இதனால்தான்.

இதைச் சரியாகப் பிடித்தது டிராயின் 2024 ஆகஸ்ட் 13 உத்தரவு. எண்ணை விட்டுவிட்டு எண்ணின் உரிமையாளரைப் பிடி என்பதே அதன் சாரம். பதிவில்லாமல் விளம்பர அழைப்பு செய்தது உறுதியானால் அந்த நிறுவனத்தின் எல்லா இணைப்புகளும் துண்டிக்கப்படும்; இரண்டு ஆண்டுவரை கறுப்புப் பட்டியல்; அந்தக் காலத்தில் வேறு எந்தத் தொலைபேசி நிறுவனமும் இணைப்புத் தரக் கூடாது. சில வாரங்களிலேயே 2.75 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்கள் துண்டிக்கப்பட்டன, 50-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பட்டியலில் ஏறின. ஒரு நிறுவனத்துக்குச் சராசரியாக எத்தனை ஆயிரம் எண் என்று வகுத்துப் பார்த்தாலே, எண் எண்ணாகத் துரத்துவது எவ்வளவு வீண் என்பது தெரிந்துவிடும்.

1600: எப்படி அமைந்திருக்கிறது

1600-க்கு ஒரு பழைய வாழ்வு உண்டு. 2000-களின் தொடக்கத்தில் கட்டணமில்லா எண்கள் 1600 என்றுதான் தொடங்கின. பிறகு அவை 1800-க்கு மாறின. காலியான இடம் இப்போது வேறு வேலைக்கு வந்திருக்கிறது. பழைய விளம்பர அட்டையோ கையேடோ பார்த்து, 1600 என்றால் இலவசமாக நாம் அழைக்கும் எண் என்று இன்னும் நினைப்பவர்கள் உண்டு. இப்போது அது நிறுவனங்கள் நம்மை அழைப்பதற்காக மட்டும் ஒதுக்கப்பட்டது.

மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2024 மே மாதத்தில் இதை அறிவித்தது. பத்து இலக்கத்தின் அமைப்பு இது: முதல் நான்கு தொடர், அடுத்த இரண்டு தொலைத்தொடர்பு வட்டம், டெல்லிக்கு 11, மும்பைக்கு 22 என்பதுபோல, அதற்கடுத்த ஒன்று எந்தத் தொலைபேசி நிறுவனம் என்பதன் குறியீடு, கடைசி மூன்று 000 முதல் 999 வரை. ஆக, ஒரு வட்டத்தில் ஒரு தொலைபேசி நிறுவனத்திடம் இந்தத் தொடரில் ஆயிரம் எண்கள். அறிவிப்பில் அரசுத் துறைகளுக்கு 1600 என்றும், ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, காப்பீட்டு ஆணையம், ஓய்வூதிய ஆணையம் ஆகியவற்றின் கீழ் வரும் நிறுவனங்களுக்கு 1601 என்றும் பிரித்திருந்தார்கள். பின்னால் வந்த சுற்றறிக்கைகளும் உத்தரவுகளும் 1600 தொடர் என்றே பேசுகின்றன.

எண்ணைவிட முக்கியம் அதைக் கொடுக்கும் முறை. தொலைபேசி நிறுவனம் விண்ணப்பதாரரை நேரடியாகச் சரிபார்த்து, சேவை மற்றும் பரிவர்த்தனை அழைப்புகளுக்கு மட்டுமே பயன்படுத்துவேன் என்று எழுத்துப்பூர்வ உறுதியும் வாங்கிய பிறகே எண் தர வேண்டும். சிம்போலக் கடையில் கிடைக்காது. பினாமி பெயரில் வாங்கவும் முடியாது. 140-இல் அடையாளம் ஒரு எச்சரிக்கைப் பலகை. வைத்திருப்பவர் அதைக் கழற்றத்தான் பார்ப்பார். 1600-இல் அது நற்சான்று. வைத்திருப்பவர் அதைக் காட்ட விரும்புவார். நேர்மையாளருக்கு லாபம் தரும் பக்கம் விதி நிற்பது இப்போதுதான். இந்த ஒரு மாற்றத்துக்காகவே 1600-ஐ நாம் முழு மனதோடு வரவேற்கிறோம்.

வாங்கும் நிறுவனத்தின் பக்கம் வேலை இப்படிப் போகும். முதலில் ஏதேனும் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் டிஎல்டி தளத்தில் பான், ஜிஎஸ்டி, முகவரிச் சான்று, அதிகாரக் கடிதம் கொடுத்து முதன்மை நிறுவனமாகப் பதிவு. 19 இலக்க அடையாள எண் கிடைக்கும். பிறகு 1600 எண்ணுக்கு விண்ணப்பம், உறுதிமொழி. அதற்கப்புறம்தான் கடினமான பகுதி: தனக்காக வெளியே யார் யார் எந்த எண்ணிலிருந்து அழைக்கிறார்கள் என்று பட்டியல் எடுப்பது. தலைமையகக் கால் சென்டர் மட்டும் என்று நினைத்துத் தொடங்கினால் தவணை நினைவூட்டும் ஏஜென்சி, கேஒய்சி புதுப்பிக்கச் சொல்லும் இன்னொரு ஏஜென்சி, கார்டு ஒப்படைப்பு முகவர், கிளை மேலாளர் என்று வரிசை நீளும். ஒவ்வொருவரின் டயலரிலும் வெளிக்காட்டும் எண்ணை மாற்றியாக வேண்டும். ஒருவரை விட்டாலும் வாடிக்கையாளருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

கெடு தேதிகள் ஏன் உயிர்நாடி

தொடரை அறிவித்ததால் மட்டும் எதுவும் நடந்துவிடாது. ஒரு வங்கி 1600-இலிருந்தும் சாதாரண எண்ணிலிருந்தும் மாறி மாறி அழைத்தால், 1600 அல்லாத அழைப்பைச் சந்தேகிக்க வாடிக்கையாளருக்குக் காரணமே இல்லை. மோசடிக்காரர் 1600-ஐப் போலி செய்ய வேண்டிய அவசியமே இல்லாமல், வழக்கம்போல் கைபேசி எண்ணிலிருந்து அழைத்துக்கொண்டே இருப்பார். இந்த அமைப்பின் காப்பு ‘1600 என்றால் வங்கி’ என்பதில் இல்லை. ‘1600 இல்லை என்றால் வங்கி இல்லை’ என்பதில்தான் இருக்கிறது. இரண்டாவது வாக்கியம் உண்மையாக வேண்டுமானால் கடைசி வங்கியும் மாறியாக வேண்டும்.

ரிசர்வ் வங்கி 2025 ஜனவரி 17 சுற்றறிக்கையில், பரிவர்த்தனை மற்றும் சேவை அழைப்புக்கு 1600, விளம்பரத்துக்கு 140 மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று சொல்லி மார்ச் 31 வரை அவகாசம் கொடுத்தது. பிப்ரவரி 12-இல் டிராய் தன் ஒழுங்குமுறையைத் திருத்தி, இரண்டு தொடர்களையும் விதியின் பகுதியாக்கியது. சாதாரணப் பத்து இலக்க எண்ணை வணிக அழைப்புக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதும் உறுதியானது. அப்படியும் பலர் மாறவில்லை. எனவே 2025 நவம்பரில் டிராய் தேதி குறித்து உத்தரவு போட்டது: வணிக வங்கிகள் 2026 ஜனவரி 1, சொத்து 5,000 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள வங்கிசாரா நிதி நிறுவனங்கள், சிறுநிதி வங்கிகள், பேமென்ட்ஸ் வங்கிகள் பிப்ரவரி 1, மீதமுள்ள வங்கிசாரா நிறுவனங்கள், கூட்டுறவு வங்கிகள், மண்டல ஊரக வங்கிகள் மார்ச் 1. பரஸ்பர நிதி நிறுவனங்களுக்கும் ஓய்வூதிய நிதி மேலாளர்களுக்கும் பிப்ரவரி 15. தகுதிபெற்ற பங்குத் தரகர்களுக்கு மார்ச் 15.

கெடு இப்போதைக்கு நிதித்துறைக்குத்தான். கூரியர், மருத்துவமனை, இணையக் கடை, கேஸ் ஏஜென்சி எல்லாம் பத்து இலக்க எண்ணிலிருந்து அழைப்பது தொடர்கிறது. ‘உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள்’ என்று தொடங்கும் மோசடி அழைப்பு கூரியர் வேடம் போடுவதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மூடிய கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திறந்த கதவுக்குப் போவார்கள்.

திரையில் எண்ணைப் படிப்பது

கைபேசியில் இது +911600 என்றோ வெறும் 1600 என்றோ தெரியலாம். கூட்டல் குறிக்குப் பின்னால் 91 இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். +1 600 என்று வந்தால் அது 1600 தொடரே அல்ல; +1 என்பது அமெரிக்க, கனடா வட்டாரத்தின் நாட்டுக் குறியீடு. இடைவெளி இல்லாமல் +1600 என்று எழுதினால் அவசரத்தில் கண் ஏமாந்துவிடும். +140 என்று தொடங்குவதும் இதேபோலத்தான். இன்னொன்று: நடுவில் 22 இருந்தால் எண் மும்பை வட்டத்தில் வாங்கப்பட்டது என்று மட்டுமே பொருள். தூத்துக்குடியில் கணக்கு வைத்திருப்பவருக்கும் மும்பை எண்ணிலிருந்து அழைப்பு வரலாம், சந்தேகப்பட வேண்டியதில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டே இந்திய எண்போல வேடமிடும் அழைப்புகளைத் தடுக்க 2024 அக்டோபர் 22-இல் தனி அமைப்பு நடைமுறைக்கு வந்தது. முதல் 24 மணி நேரத்திலேயே 1.35 கோடி அழைப்புகள் தடுக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. 1600 மேல் வைக்கும் நம்பிக்கைக்கு இந்தத் தடுப்பும் ஒரு தூண். அதே நேரம், 1600-இலிருந்து அழைத்தாலும் ஓடிபி, பின் கேட்க எந்த வங்கிக்கும் உரிமை இல்லை. எண் சொல்வது அழைப்பவர் யார் என்பதை மட்டும்தான்.

உள்ளிருந்தே வரும் கெடுதல் ஒன்றும் உண்டு. தவணை நாளை நினைவூட்ட 1600-இலிருந்து அழைக்கிறார்கள். பேச்சு முடியும்போது ‘உங்களுக்கு டாப்-அப் கடன் தயாராக இருக்கிறது, போடலாமா சார்?’ என்று ஒரு வரி சேர்கிறது. அந்த ஒரு வரியில் சேவை அழைப்பு விளம்பர அழைப்பாகிவிடுகிறது. விற்பனை இலக்கு வைத்து ஊழியரை விரட்டும் இடங்களில் இது நடந்தே தீரும். இது பெருகினால் 1600-ஐயும் மக்கள் எடுக்க மறுப்பார்கள்; 140-இன் கதி அதற்கும் வரும். இதைக் கண்டுபிடிக்க டெம்ப்ளேட் இல்லை என்பதால் வாடிக்கையாளரின் புகார்தான் ஒரே தடயம்.

புகாருக்கு இப்போது ஏழு நாள் அவகாசம். அழைத்த எண், தேதி, என்ன பேசினார்கள் என்பதன் சுருக்கம் மூன்றும் இருந்தால் 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம், டிராயின் டிஎன்டி (‘அழைக்காதீர்’) செயலியிலும் பதியலாம். பதிவில்லாதவர்மீது புகார் செய்ய நாம் டிஎன்டி பதிவேட்டில் இருக்க வேண்டிய கட்டாயம் நீங்கிவிட்டது. பத்து நாளில் ஐந்து புகார் சேர்ந்தாலே நடவடிக்கை. அதையும் ஐந்து நாளுக்குள் எடுக்க வேண்டும். முதல் தவறுக்கு அந்த நிறுவனத்தின் வெளிச்செல்லும் சேவை முழுவதும் 15 நாள் முடக்கம், மறுபடி செய்தால் ஓராண்டுத் துண்டிப்பு. புகார் எண்ணிக்கையைத் தவறாகக் காட்டும் தொலைபேசி நிறுவனத்துக்கு 2 லட்சம், 5 லட்சம், பிறகு ஒவ்வொரு முறையும் 10 லட்சம் ரூபாய் அபராதம். வெளியே நிறையப் போய் உள்ளே எதுவும் வராத எண், சில நொடிகளில் முடியும் நூற்றுக்கணக்கான அழைப்புகள் போன்ற போக்குகளைத் தொலைபேசி நிறுவனமே கவனித்துச் சொல்லவும் கடமைப்பட்டிருக்கிறது. பணமே போய்விட்டால் 1909-இல் நேரம் கழிக்காமல் உடனே 1930.

தீராமல் நிற்கும் சிக்கல் கிளை ஊழியரின் சொந்தக் கைபேசி. சிற்றூர்க் கிளையில் நகைக்கடன் பார்க்கும் அலுவலர், ‘அக்கா, நகையைத் திருப்ப வெள்ளிக்கிழமை கடைசி நாள், வந்துடுங்க’ என்று தன் சொந்த எண்ணிலிருந்துதான் அழைப்பார். நல்லெண்ணத்தில் செய்யும் இந்த அழைப்பு, வங்கி கைபேசி எண்ணிலிருந்தும் பேசும் என்று அந்த அம்மாவுக்குப் பழக்கிவிடுகிறது. அழைக்காதே என்று அலுவலருக்குச் சுற்றறிக்கை அனுப்பினால் நகை ஏலத்துக்குப் போகும். செய்யக்கூடியது ஒன்றுண்டு. அலுவலர் வங்கியின் செயலியில் வாடிக்கையாளர் பெயரைத் தொட வேண்டும். வங்கியின் அமைப்பு முதலில் அலுவலரின் கைபேசியை அழைக்கும், அவர் எடுத்ததும் அடுத்து வாடிக்கையாளரை அழைத்து இரண்டையும் இணைக்கும். அந்த அம்மாவின் திரையில் அலுவலரின் எண் தெரியாது, 1600 தெரியும். குரல் மட்டும் அவருக்குப் பழக்கமான அதே குரல்.